அந்தமானிலிருந்து சென்னைக்கு: பைக்குள் அடைத்த வண்ண மீன் உயிருடன் வந்து சேர்வது எப்படி?

அந்தமானில் வளர்க்கப்பட்ட ஒரு கோமாளி மீன், சென்னையில் உள்ள ஒரு வீட்டின் கண்ணாடித் தொட்டியை அடைய வேண்டுமானால், வங்கக் கடலைக் கடந்து சுமார் 1,350 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அந்தப் பயணம் முழுவதும் அதற்குக் கிடைப்பது சிறிதளவு கடல் நீரும், அதன் மேல் நிரப்பப்பட்ட ஆக்சிஜனும் மட்டுமே. பையைக் கட்டிய பின் உணவளிக்கவோ, நீரை மாற்றவோ இயலாது. பை கட்டப்படும் நேரத்தில் செய்த தவறைப் பின்னர் திருத்த வழியே இல்லை.

மீன் பிடிப்பு, மீன் வளர்ப்பு ஆகியவை பற்றி அதிகம் பேசப்படுகிறது. மீன்களைப் பொதி கட்டி அனுப்பும் முறை பற்றிய பேச்சு குறைவு. ஆனால் தீவில் உள்ள சிறு வளர்ப்பாளருக்கு வருமானம் கிடைக்குமா, பவளப்பாறைகளின் மீதான சுமை குறையுமா என்ற இரண்டு கேள்விகளுக்குமான விடையின் பெரும்பகுதி அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

பவளப்பாறைக்கும் சந்தைக்கும் இடையே

அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளப்பாறைகள், இந்தியாவில் கடல்வாழ் வண்ண மீன்கள் மிகுதியாகக் காணப்படும் இடங்களில் ஒன்றாகும். கடல் சாமந்திகளின் நச்சுக் கொடுக்குகளுக்கு இடையே அச்சமின்றி வாழும் கோமாளி மீன்களும், சிறிய டாம்செல் மீன்களும் இங்கு உள்ளன. 2003-ஆம் ஆண்டில் வெளியான ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படம், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட கோமாளி மீனை உலகெங்கும் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தியது.

இந்த மீன்களைக் கடலிலிருந்து தொடர்ந்து பிடித்து விற்பது நிலைக்கக்கூடிய வழி அன்று. பவளங்கள், கடற்குதிரைகள், கடல் அட்டைகள் ஆகியவை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றவை. அவற்றைச் சேகரிப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாகும். 1983-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வாண்டூர் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவிலும் உயிரினங்களைப் பிடிக்கத் தடை உள்ளது.

எனவேதான் ஆராய்ச்சி நிறுவனங்களின் கவனம் செயற்கை இனப்பெருக்கத்தின் பக்கம் திரும்பியது. 1978-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) இயங்கிவரும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், கடல்வாழ் வண்ண மீன்களைத் தொட்டிகளில் வளர்ப்பதற்கான பணிகளை மேற்கொண்டு வந்துள்ளது. தமிழ்நாட்டில் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் கோமாளி மீன் குஞ்சுகளை உற்பத்தி செய்துள்ளது.

கோமாளி மீன் இதற்கு ஏற்ற இனமாகும். இணை சேர்ந்த மீன்கள், நல்ல பராமரிப்பு இருந்தால், மாதத்துக்கு ஓரிரு முறை சில நூறு முட்டைகள் இடும். ஆண் மீன் அவற்றைக் காவல் காக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், இருள் சூழ்ந்த பின் முட்டைகள் பொரியும். அவ்வளவு சிறிய குஞ்சு விற்பனைக்குரிய அளவை எட்டப் பல மாதங்கள் ஆகும். அத்தனை மாத உழைப்பும் கடைசி இரண்டு நாள் பயணத்தில் வீணாகிவிடலாம்.

ஆக்சிஜன் பற்றாக்குறைதான் காரணமா?

பையில் மீன் இறந்து கிடந்தால், மூச்சுத் திணறி இறந்திருக்கும் என்றே பலரும் கருதுகின்றனர். முறையாகக் கட்டப்பட்ட பையில் பெரும்பாலும் நடப்பது வேறு.

25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், காற்றுடன் கலந்த ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 7 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய ஆக்சிஜன் வாயுவின் எடை சுமார் 1,300 மில்லிகிராம். அதாவது, நீரில் இருப்பதைப் போல ஏறத்தாழ 200 மடங்கு ஆக்சிஜன் வாயுப் பகுதியில் உள்ளது. சில கிராம் எடையுள்ள சிறு மீன் அமைதியாக இருக்கும்போது ஒரு மணி நேரத்தில் ஓரிரு மில்லிகிராம் ஆக்சிஜனையே பயன்படுத்தும். இரண்டு நாட்களுக்குச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அது 100 மில்லிகிராம் அளவிலேயே நிற்கும். எனவே அளவோடு மீன்கள் வைக்கப்பட்ட பையில் ஆக்சிஜன் எளிதில் தீர்வதில்லை.

மீனைக் கொல்வது பெரும்பாலும் அதன் சொந்தக் கழிவுதான். உணவில் உள்ள புரதம் செரித்த பின் உருவாகும் அம்மோனியாவை மீன் தன் செவுள்கள் வழியாக நீரில் வெளியேற்றுகிறது. கடலில் அது உடனே கலைந்துவிடும். தொட்டியில் வடிகட்டியிலுள்ள நுண்ணுயிரிகள் அதை மாற்றிவிடும். பையில் அது எங்கும் போக வழியில்லை.

அதே வேளையில் மீன் வெளியிடும் கரியமில வாயுவும் நீரில் சேர்கிறது. அதனால் நீர் அமிலத்தன்மை அடைகிறது. கடல் நீரின் இயல்பான பிஎச் அளவு சுமார் 8.2. நீண்ட பயணத்தில் அது 7 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும்.

இங்கே ஒரு விந்தை உள்ளது. அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்; அவற்றுள் ஒன்று மீனுக்குக் கடும் நஞ்சு, மற்றது ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. பிஎச் 8.2-இல் மொத்த அம்மோனியாவில் சுமார் 7 சதவீதம் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 7-இல் அது அரை சதவீத அளவுக்குக் குறைந்துவிடும். ஆக, நீரைக் கெடுக்கும் கரியமில வாயுவே பயணத்தின்போது மீனை அம்மோனியாவிடமிருந்து ஓரளவு காக்கிறது. பை திறக்கப்படும்போது இந்தப் பாதுகாப்பு விலகிவிடுகிறது.

பயணத்துக்கு முன்பே தொடங்கும் பணி

கழிவுதான் முதல் எதிரி என்பதால், பொதி கட்டும் பணி பயணத்துக்கு ஓரிரு நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. சிறு மீன்களுக்குப் பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் வரை உணவு நிறுத்தப்படுகிறது. உணவு அளிக்காமல் அனுப்புவது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம். ஆனால் ஆரோக்கியமான மீன் இந்தப் பட்டினியை எளிதில் தாங்கும். வயிறு நிறைந்த மீன், சில மணி நேரத்தில் தான் இருக்கும் நீரையே நஞ்சாக்கிவிடும். மிக இளம் குஞ்சுகளுக்கு உடலில் சேமிப்பு குறைவு என்பதால் பட்டினி நேரத்தைக் குறைக்க வேண்டும்.

இந்த நாட்களில் மீன்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனிக்கப்படுகின்றன. செதிலில் வெண்புள்ளி, கிழிந்த துடுப்பு, வேகமான சுவாசம் ஆகிய அறிகுறிகள் உள்ள மீனை அனுப்பக் கூடாது. நோயுற்ற ஒரு மீன் ஒரு பெட்டி முழுவதையும் பாதிக்கும். வலையால் துரத்திப் பிடிக்கும்போது மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலம் உரிந்துவிடுகிறது. அதனால் அனுபவமுள்ளோர் வலையால் மீனை ஓரிடத்துக்கு ஒதுக்கி, சிறு கிண்ணத்தால் நீருடன் சேர்த்து எடுக்கின்றனர்.

பை கட்டும் முறை

பைக்கான நீர், மீன் பழகிய உவர்ப்பும் வெப்பநிலையும் கொண்ட, புதிதாக வடிகட்டிய தூய நீராக இருக்க வேண்டும். மீன்கள் ஏற்கெனவே வாழ்ந்த தொட்டியின் நீரைப் பயன்படுத்தினால், கழிவும் நுண்ணுயிரிகளும் கலந்த நிலையிலேயே பயணம் தொடங்கும்.

பையின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரும், மீதி ஆக்சிஜனும் இருப்பது பொதுவான வழக்கம். முதலில் பையில் உள்ள காற்றை நீர்மட்டம் வரை அழுத்தி வெளியேற்ற வேண்டும். பின்னர் உருளையிலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஆக்சிஜனை நிரப்பி, பையின் வாயை முறுக்கி, மடித்து, ரப்பர் பேண்டால் இறுகக் கட்ட வேண்டும். ஆக்சிஜன் உருளையின் திருகுகளில் எண்ணெயோ கிரீசோ படக் கூடாது. தூய ஆக்சிஜனுடன் அவை சேர்ந்தால் தீப்பற்றும் ஆபத்து உண்டு.

பையின் அடிமூலைகள் சிறு மீன்களுக்கு எமனாகின்றன. குறுகிய மூலையில் சிக்கும் மீன் திரும்ப முடியாமல் நசுங்கிவிடும். மூலைகளை மடித்து ஒட்டுவது, அல்லது பையைத் தலைகீழாக மற்றொரு பைக்குள் இடுவது இதற்குத் தீர்வாகும். இரண்டு பைகள் இருந்தால் ஒன்று கசிந்தாலும் மற்றது காக்கும். கூரிய முள்ளுள்ள மீன்களுக்கு இரு பைகளுக்கு இடையே செய்தித்தாள் வைக்கப்படுகிறது.

கோமாளி மீன் தன் எல்லையைக் காக்கப் போரிடும் இனம் என்பதால், வளர்ந்த மீன்களைப் பைக்கு ஒன்றாக அனுப்புவதே பாதுகாப்பானது. ஃபைட்டர் மீனுக்கும் இது பொருந்தும். ஆனால் ஃபைட்டர் மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியது. எனவே அது சிறிதளவு நீரில் சாதாரணக் காற்றுடனேயே பயணம் செய்கிறது. அதைப் பார்த்துவிட்டு எல்லா மீன்களுக்கும் அவ்வளவு நீர் போதும் என்று எண்ணுவது தவறு.

அம்மோனியாவை உறிஞ்சுவதற்காகப் பையில் இடப்படும் ஜியோலைட் கற்கள் பற்றியும் ஒரு தெளிவு தேவை. நன்னீரில் அவை பயன் தரும். கடல் நீரில் உள்ள மிகுதியான சோடியம் அக்கற்களின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அங்கு அவற்றின் பயன் மிகக் குறைவு. கடல் மீனுக்கு ஜியோலைட்டை நம்பி நீரைக் குறைப்பது ஆபத்தானது.

எடையும் உயிரும்

இந்தத் தொழிலின் உண்மையான சிக்கல் விமானச் சரக்குக் கட்டணத்தில் உள்ளது. கட்டணம் எடையைப் பொறுத்தது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. 100 மீன்களுக்குத் தலா அரை லிட்டர் நீர் என்றால், நீர் மட்டுமே 50 கிலோ. அதைக் கால் லிட்டராகக் குறைத்தால் 25 கிலோ மிச்சமாகும். பாதி நீரில் கழிவின் செறிவு இரு மடங்காகும் என்பது கணக்கின் மறுபக்கம்.

நிலப்பகுதியில் உள்ள வணிகரைவிடத் தீவில் உள்ள வளர்ப்பாளருக்கு இந்த நெருக்கடி கூடுதலானது. சென்னை கொளத்தூரிலிருந்து வண்ண மீன்கள் பேருந்திலும் ரயிலிலும் மற்ற ஊர்களுக்குச் செல்கின்றன. அந்தமானிலிருந்து அத்தகைய வழி இல்லை. சென்னைக்குக் கப்பலில் வர சுமார் மூன்று நாட்கள் ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமே ஆகும் என்றாலும், பை கட்டுவது முதல் வாங்குபவர் திறப்பது வரையிலான நேரம் பல மணி நேரமாக நீளும். இரண்டு பருவமழைகளும் பெய்யும் தீவுகளில் மோசமான வானிலையால் விமானம் தாமதமாவதும் உண்டு. எனவே எதிர்பார்க்கும் பயண நேரத்தைப் போல இரு மடங்கைத் தாங்கும் வகையில் பொதி கட்டுவதே விவேகம்.

வானில் விரியும் பை

விமானம் உயரே பறக்கும்போது அதன் உட்பகுதியில் காற்றழுத்தம் குறைகிறது. பொதுவாக அது சுமார் 8,000 அடி உயர மலையில் உள்ள அழுத்தம் வரை இறங்கலாம். அந்நிலையில் பையில் உள்ள வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியும். தரையில் பந்துபோல் இறுக ஊதிக் கட்டப்பட்ட பை வானில் வெடிக்கவோ, கட்டு நழுவவோ கூடும். விரலால் அழுத்தினால் சற்றே உள்வாங்கும் அளவுக்கு வாயுவை நிரப்புவது சரியானது.

பைகள் வெப்பம் கடத்தாத தெர்மாகோல் பெட்டியிலும், அது வலுவான அட்டைப்பெட்டியிலும் வைக்கப்படுகின்றன. பெட்டிக்குள் இருள் நிலவுவதால் மீன்கள் அமைதியடைகின்றன. அவற்றின் சுவாசமும் குறைகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் மீனின் உடல் இயக்கம் ஏறத்தாழ இரு மடங்காகும். கழிவும் அவ்வாறே பெருகும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் சென்னையில், பெட்டி வெயிலில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். குளிரூட்ட ஐஸ் வைத்தால் அதைத் தனிப் பையிலிட்டு, செய்தித்தாளில் சுற்றி, மீன் பையைத் தொடாதவாறு வைக்க வேண்டும்.

உயிருள்ள விலங்குகளை வானில் அனுப்புவதற்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் தனி விதிமுறைகளை வகுத்துள்ளது. கசியாத பெட்டி, உயிருள்ள மீன் என்ற குறிப்பு, மேல்பக்கம் எது என்ற அம்புக்குறி, அனுப்புபவர் மற்றும் பெறுபவரின் விவரம் ஆகியவை அவற்றுள் அடங்கும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே இடம் பதிவு செய்து, தேவையான சான்றுகளைக் கேட்டறிவதும் அவசியமாகும்.

பெட்டி வந்த பிறகு

பெறுபவர் செய்யும் தவறே பல மீன்களின் உயிரைப் பறிக்கிறது. பெட்டியை மங்கலான வெளிச்சத்தில் திறக்க வேண்டும். பையை அவிழ்க்காமல், தனித் தொட்டியின் நீரில் 15 முதல் 20 நிமிடங்கள் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகும்.

அதன் பிறகு தாமதம் கூடாது. பை திறந்தவுடன் கரியமில வாயு வெளியேறுகிறது, பிஎச் உயர்கிறது, அதுவரை தீங்கு குறைந்த வடிவில் இருந்த அம்மோனியா நஞ்சாக மாறத் தொடங்குகிறது. நீண்ட பயணம் செய்த மீனைத் திறந்த பையிலேயே வைத்து, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பல மணி நேரம் கலப்பது நன்மைக்குப் பதில் தீமையே தரும். உவர்ப்பு ஒத்திருந்தால் மீனை விரைவில் தொட்டிக்கு மாற்றிவிடுவதே நல்லது.

இதற்காக, அனுப்புபவர் தம் நீரின் உவர்ப்பை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஐராவதி ஆற்றின் நன்னீர் வந்து கலப்பதால் அந்தமான் கடலின் மேற்பரப்பு உவர்ப்பு, பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறக்கூடியது. சென்னையில் கலக்கப்பட்ட செயற்கைக் கடல் நீர் அதே அளவில் இருக்கும் என்று கருத முடியாது. பெறுபவர் தனித் தொட்டியின் உவர்ப்பை முதல் நாளே அதற்கேற்பச் சரிசெய்து வைத்தால் பணி எளிதாகும். முதல் நாளில் உணவு தேவையில்லை. புதிய மீனைச் சில வாரங்கள் தனியே வைத்துக் கவனித்த பின்னரே மற்ற மீன்களுடன் சேர்க்க வேண்டும்.

பை நீரை எங்கே கொட்டுவது?

வந்த நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஆற்றிலோ, குளத்திலோ, கடலிலோ கொட்டவும் கூடாது. அதில் நோய்க்கிருமிகள், ஒட்டுண்ணிகள், அயல் உயிரினங்களின் முட்டைகள் இருக்கலாம். குளோரின் கலந்து கிருமி நீக்கம் செய்த பின்னரே கழிவுநீரில் விட வேண்டும்.

தீவுகளுக்கு இது மேலும் முக்கியமானது. நிலப்பகுதியிலிருந்து அங்கு செல்லும் நன்னீர் வண்ண மீன்களும் இதே பைகளில்தான் பயணிக்கின்றன. தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று விற்கப்படும் தென் அமெரிக்கக் கவச மீன், பலரால் நீர்நிலைகளில் விடப்பட்டு, தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பரவி மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது. சிறு ஓடைகளையும் குளங்களையும் நம்பி வாழும் தீவின் உயிரினங்களுக்கு அத்தகைய ஒரு வரவே பேரிழப்பாக முடியலாம். வேண்டாத மீனை நீர்நிலையில் விடுவது அதற்கு விடுதலை அளிப்பதாகாது.

வாங்குபவர் கேட்க வேண்டியவை

உலக வண்ண மீன் வணிகத்தில் இந்தியாவின் பங்கு மிகச் சிறியது. 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்பு அலகுகளுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் வழங்க வழி செய்யப்பட்டது. அரபிக் கடலில் உள்ள லட்சத்தீவின் அகத்தி தீவில், தேசிய மீன் மரபியல் வள நிறுவனத்தின் பயிற்சியுடன் பெண்கள் அலங்கார இறால் வளர்ப்பில் ஈடுபட்டுள்ளனர். அகத்தியானாலும் அந்தமானானாலும், தொட்டியில் வளர்ந்த உயிரினம் சந்தையை உயிருடன் அடைந்தால் மட்டுமே மானியமும் பயிற்சியும் வருமானமாக மாறும்.

வாங்குபவருக்கும் இதில் பங்கு உண்டு. இந்த மீன் கடலில் பிடிக்கப்பட்டதா, தொட்டியில் பிறந்ததா? கடைக்கு வந்து எத்தனை நாட்கள் ஆயின? கடையில் உணவு உண்கிறதா? இந்த மூன்று கேள்விகளை அவர் கேட்கலாம். தொட்டியில் பிறந்த மீன் மனிதர் தரும் உணவுக்குப் பழகியிருப்பதால் பயணத்தையும் புதிய இடத்தையும் பொதுவாக நன்கு தாங்கும். சற்றுக் கூடுதல் விலை கேட்டாலும், அந்த விலையில் கூடுதல் நீரும், இரண்டாவது பையும், காத்திருந்த இரண்டு நாட்களும் அடங்கியுள்ளன.

கடலில் பிடித்த 100 மீன்களில் 30 வழியிலேயே இறந்தால், அந்த 30 இடங்களை நிரப்ப மீண்டும் பவளப்பாறைக்கே செல்வார்கள். தொட்டியில் வளர்ந்த 100 மீன்களும் உயிருடன் வந்து சேர்ந்தால், கடலில் உள்ள கோமாளி மீன் தன் கடல் சாமந்தியை விட்டு வெளியேற வேண்டிய தேவை எழாது.